ஜமாபந்தி

மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகங்களில் பந்தல் எழும்பும். அரசு அறிவிப்பில் அதன் பெயர் ‘வருவாய்த் தீர்வாயம்’. ஊர் வாயில் அது இன்றும் ஜமாபந்திதான்.

‘ஜமா’ அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக வந்த சொல். திரட்டியது, மொத்தம் என்று பொருள். கூத்துக்காரர்கள் தங்கள் குழுவை ஜமா என்பதும் இதே வேரிலிருந்துதான். ‘பந்தி’ பாரசீகம், கட்டுதல், வரையறுத்தல். பந்தோபஸ்தில் இருப்பதும் இதுவே. இலை போடும் பந்திக்கும் இதற்கும் உறவில்லை. முகலாயக் கணக்கில் நிலத்துக்கு மதிப்பிட்ட வரி ஜமா, கைக்கு வந்து சேர்ந்தது ஹாசில். தாசில்தாரின் ‘தாசில்’ அந்த ஹாசிலோடு ஒரே வேர்.

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் அங்கே ரயத்துவாரிக்கு அடித்தளம் போட்டார்கள். நடுவில் ஜமீன்தார் இல்லை. ஒவ்வொரு குடியோடும் அரசு நேராகக் கணக்குப் பேச வேண்டும். எந்தப் புலத்தில் பயிர், எது தரிசு, எதற்கு வஜா, அதாவது வரித் தள்ளுபடி என்று ஆண்டுதோறும் பார்த்து முடிக்க வேண்டியிருந்தது. ஜமாபந்தி நம் ஊர்ச் சொல்லாக வேர் பிடித்தது இந்த ஆண்டுக் கணக்கால்தான்.

கணக்கு எழுதியவர் கர்ணம். பரம்பரைப் பதவி. யாருக்கு எந்த நிலம் என்ற சிட்டாவும், எதில் என்ன பயிர் என்ற அடங்கலும் அவர் கையில் இருந்தன. அடங்கலில் ஒரு பெயர் மாறினால் ஒரு குடும்பம் கோர்ட்டுக்கு நடந்தே ஓய்ந்துவிடும். அந்தக் கணக்கை மேலதிகாரி முன் அவர் விரித்துக் காட்டியாக வேண்டிய நாள் ஜமாபந்தி. 1980 நவம்பர் 14 முதல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் பதவியையும் ஊர்த் தலைவரான மணியம் பதவியையும் ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். தமிழ்நாட்டில் கிராமம் வரை இறங்கிய நிர்வாகச் சீர்திருத்தங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன். ஊர்க் கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருப்பது அன்றோடு முடிந்தது.

பஞ்சாப், ஹரியானாவில் ஜமாபந்தி என்றால் நிகழ்ச்சி அல்ல, ஏடு. யாருக்கு எந்த நிலம் என்ற உரிமைப் பதிவேடு. கர்நாடகத்தில் சொல் இன்னும் தூரம் போயிருக்கிறது. 2004இல் வந்த விதிகளின்படி, கிராமப் பஞ்சாயத்து தன் வரவு செலவையும் செய்த வேலைகளையும் மக்கள் முன் வைத்துச் சரிபார்ப்பதற்கே அங்கே ஜமாபந்தி என்று பெயர். குடியிடம் அரசு கணக்குக் கேட்ட சொல், அரசிடம் குடி கணக்குக் கேட்கும் சொல்லாகிவிட்டது!

நம்மிடமும் அதற்கான இடம் இருக்கிறது. ஜமாபந்தி மேசையில் பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டு எழுதிய கிராமக் கணக்குகள் அடுக்கியிருக்கும். (பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும், பசலி 1434, 2024 ஜூலையில் தொடங்கியது.) ஜமாபந்தி அலுவலர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்திடுவார். நிலம் அளக்கும் சங்கிலியைக்கூட எடுத்து வைத்துச் சரிபார்ப்பதுண்டு. கடைசி நாளில் நடக்கும் கூட்டத்துக்குக் ‘குடிகள் மாநாடு’ என்று அருமையான பெயர். ஆனால் நாம் போவது மனு கொடுக்க மட்டுமே. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வீட்டுமனை என்று மனுவை நீட்டி, ரசீது வாங்கித் திரும்பிவிடுகிறோம். மனு வாங்க வாரந்தோறும் குறைதீர் கூட்டம் இருக்கிறது. கணக்கைத் திறந்து வைத்து உட்காரும் நாள் ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது.

அடுத்த ஜமாபந்தியில் உங்கள் கிராமத்துக்குக் குறித்த நாளில் பட்டாவோடு போங்கள். உங்கள் புல எண்ணுக்கு, கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டிலும் அடங்கலிலும் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பக்கத்திலிருக்கும் புறம்போக்கையும் குளத்தையும் சேர்த்தே கேளுங்கள். அலுவலர் கையெழுத்திடும் முன் கேளுங்கள்.