அருளா, அறச்செயலா? நெல்லைச் சீமை கண்ட ஒரு பழைய வினா

மனிதன் வீடுபேறு அடைவது தன் நற்செயலினாலா, இறைவனின் அருளினாலா? சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான இவ்வினா, ஐரோப்பியத் திருச்சபையை இரண்டாகப் பிளந்தது. தமிழ் மண்ணிலோ அது உரைநடையை வளர்த்தது. ஒரு பெருங்காப்பியத்தையும் ஈன்றது. தாராவியிலும் மாதுங்காவிலும் முதலில் கால் ஊன்றி, இன்று கோபர்கைரனேயில் இல்லம் அமைத்து வாழும் நம்மில் பலருக்கு நெல்லைச் சீமையே பூர்வீகம். ஆதலின் இது நம் ஊர் வரலாறும் ஆகும்.

வினாவின் வேர் தூய பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் உள்ளது. உழைத்தவன் பெறும் கூலி அவனுக்குச் சேரவேண்டிய கடன். மீட்போ கூலி அன்று, கொடை. விசுவாசத்தால் ஏற்கப்படுவது என்பது அவர் காட்டும் வேறுபாடு. கூலியின் அருமையை அறிந்த உழைப்பாளிக் குடும்பங்களாகிய நமக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். 1517இல் செருமனியில் சீர்திருத்தக் குரல் எழுப்பிய மார்ட்டின் லூத்தர் இக்கருத்தையே தம் போதனையின் உயிராகக் கொண்டார். செயலற்ற விசுவாசம் செத்தது என்னும் யாக்கோபின் திருமுகத்தைக் கத்தோலிக்கர் எடுத்துக் காட்டினர். லூத்தரோ, நற்செயல் மனிதனை நல்லவனாக்குவதில்லை, அருளால் நல்லவனானவனே நற்செயல் புரிகிறான் என விடையிறுத்தார்.

இவ்வழக்கு 1706இல் கடல் கடந்து நம் கரையை அடைந்தது. அவ்வாண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லூத்தரன் மரபினர். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சில் நிறைவுற்றது. தரங்கம்பாடியாரின் போதனைக்கு மறுப்பாக, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் வேதவிளக்கம், லுத்தேரினத்தியல்பு ஆகிய உரைநடை நூல்களை எழுதினார். அருள் முந்தியது என்பதைக் கத்தோலிக்கரும் மறுத்ததில்லை. அவ்வருளோடு இசைந்து மனிதனும் அன்பாலும் செயலாலும் ஒத்துழைக்க வேண்டும் என்பதே அவர்தம் வாதம். ஒருவரையொருவர் மறுக்கப் புகுந்த இருசாராரும், தம்மை அறியாமலே தமிழ் உரைநடைக்குப் பணி புரிந்தனர் எனலாம்.

எனினும் அருள் பற்றிய ஆராய்ச்சி தமிழருக்கு அயலார் கொணர்ந்த புதுப்பொருள் அன்று. வைணவத்தின் வடகலையார் மர்க்கட நியாயம் கூறுவர்: குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல் உயிரின் முயற்சியும் சிறிதளவேனும் வேண்டும். தென்கலையார் மார்ச்சார நியாயம் கூறுவர்: பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல் இறைவனே உயிரைக் காப்பான். செருமானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் வெளியிட்ட நூலில், இந்திய அருள்நெறியைக் கிறித்தவத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளார்.

இவ்விரு மரபுகளும் ஓர் உள்ளத்தில் சந்தித்த இடமே எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் நெல்லையை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் தோய்ந்தவர். 1853இல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியரானார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். இறைவனின் அருள் என்னும் சொல் அவருக்குப் பிறந்த வீட்டிலேயே பழகிய சொல். அதனாற்போலும், புதிய சமயத்தைப் பாடியபோது அவர் பழைய தமிழைத் துறக்கவில்லை.

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூலை மோட்சப் பிரயாணம் என்று தமிழர் அறிவர். அதில் முதுகில் பாவச்சுமை தாங்கிய பயணி ஒருவன் வருகிறான். ஒழுக்கநெறியாலும் சட்டத்தாலும் சுமையை இறக்கிவிடலாம் என்று உலகஞானி ஒருவன் சொல்ல, வழிதவறி அல்லற்படுகிறான். பின்னர்ச் சிலுவையின் முன் நின்றபோது அச்சுமை தானே அவிழ்ந்து விழுகிறது. நம் பொருளுக்கு இதனினும் தெளிவான உவமை வேண்டுவதில்லை. இதனைத் தழுவிக் கிருஷ்ண பிள்ளை ஐந்து பருவங்களில் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூல்வடிவம் பெற்றது. மூலத்தில் இல்லாத இயேசுவின் பாடுகளை அவர் விரிவாகப் பாடினார். இடையிடையே தேவார அமைப்பில் இசைப்பாடல்களையும் அமைத்தார். கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகிறது.

ஆயினும் கொள்கை ஏட்டில் இருந்தால் போதாது. மீட்பு கொடை என்றால் எவரும் தம் பிறப்பையோ தகுதியையோ காட்டிப் பெருமை கொள்ள இடமில்லை. இக்காப்பியம் வெளிவருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு சோதனை நேர்ந்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடு முற்றாக ஒழிய வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதனை ஏற்காது சபையை விட்டு விலகினர். ஒரே கொடையைப் பெற்றதாக அறிக்கையிட்டவர்கள், ஒரே வரிசையில் அமர மறுத்தனர். செயல் மீட்பை வாங்கித் தராது என்பது உண்மையாகலாம். ஆனால் விசுவாசம் மெய்யானதா என்பதை அயலானுக்குக் காட்டுவது செயலேயன்றோ?

பெரும் பகைக்குக் காரணமான இவ்வழக்கும் தணிந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. அருளால் மட்டுமே, கிறித்துவில் கொண்ட விசுவாசத்தின் வழியாக மனிதன் ஏற்கப்படுகிறான். அவ்வருளே அவனை நற்செயலுக்கு ஏவுகிறது என்பது அதன் சாரம். நூற்றாண்டுகள் கடந்து இருசாராரும் ஒரு மொழி பேசினர்.

மாற்றூரில் வாழும் நம் குடும்பங்களில் வைணவர் உளர், சைவர் உளர், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் உளர். கொள்கையால் வேறுபடினும், பெற்றதெல்லாம் தம் திறமையால் மட்டுமே வந்தது என்று செருக்குறாத பணிவை இவ்வரலாறு நம் அனைவருக்கும் கற்பிக்கின்றது. கொடையாகப் பெற்றவன் கொடுக்கவும் கடமைப்பட்டவன். நம் பிள்ளைகள் இரட்சணிய யாத்திரிகத்தை எச்சமயத்தவராயினும் தமிழராக எடுத்துப் படிப்பார்களாக. நெல்லைச் சீமை ஈன்ற அச்செல்வம் நம் அனைவருக்கும் உரியது.