பேட்டிங் வரிசை முன்கணிப்பு (நெல்லை ராயல் கிங்ஸ்)

பேட்டிங் வரிசை முன்கணிப்பு என்பது வரவிருக்கும் பருவத்தில் ஓர் அணியின் மட்டையாளர்கள் எந்த முறையில் களமிறங்குவர் என்பதைப் பழைய ஆட்டப் பதிவுகள், ஏல முடிவுகள், ஆடுகளத்தின் இயல்பு ஆகியவற்றைக் கொண்டு முன்கூட்டியே மதிப்பிடும் முறையாகும். பேஸ்பாலில் ஆட்டத்திற்கு முன் நடுவரிடம் அளிக்கப்படும் ஒன்பதின்மர் வரிசை ஆட்டம் முழுவதும் மாறாது. கிரிக்கெட்டிலோ ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் அணித்தலைவர் அடுத்தவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதால் இங்குக் கணிப்பு கடினமானது.

2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திருநெல்வேலியின் பெயர் தாங்கிய அணி நெல்லை ராயல் கிங்ஸ் ஆகும். அவ்வூரை அடுத்த சங்கர் நகரிலுள்ள இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம் இத்தொடரின் ஆட்டக்களங்களுள் ஒன்று. 2023இல் வீரர் ஏலமும், ஆட்டத்தின் நடுவே ஒருவரை மாற்றிக்கொள்ள இடந்தரும் இம்பாக்ட் வீரர் விதியும் இத்தொடரில் அறிமுகமானபின், முந்தைய பருவத்தின் வரிசையை அப்படியே நீட்டிப் பார்க்கும் கணிப்பு வலுவிழந்தது.

தொடக்க ஆட்டக்காரரை ஊகிப்பது ஓரளவு எளிது. அணித்தலைவர் அருண் கார்த்திக் அவ்விடத்தில் நிலைபெற்றிருந்தார். நடுவரிசையே உண்மையான சிக்கல்: ஒரே பருவம் அதனை மாற்றிவிடக்கூடும். 2023இல் கோவை கிங்ஸுக்கு எதிராக 112 ரன் எடுத்த அஜிதேஷ் குருசாமி அப்பருவத்திலேயே அணியின் முதன்மை மட்டையாளரானார். எனினும் அவ்வாண்டு ஜூலை 12இல் திருநெல்வேலியில் நடந்த இறுதிப்போட்டியில் அதே கோவை அணியின் 205 ரன்னைத் துரத்திய நெல்லை 101 ரன்னுக்குச் சுருண்டது.