உறைகடல் பாதை - 9: ‘சிதறிப் போங்கள்!’

1942 ஜூலை 4, இரவு 9.11. கோடையில் சூரியன் மறையாத வடதுருவக் கடல். லண்டனிலிருந்து கட்டளை வந்தது: காவலுக்குச் சென்ற குரூசர் கப்பல்கள் முழு வேகத்தில் மேற்கே திரும்ப வேண்டும். 9.23-க்கு அடுத்தது: சரக்குக் கப்பல்கள் பிரிந்து ரஷ்யத் துறைமுகங்களுக்குப் போக வேண்டும். 9.36-க்கு மூன்றாவது: சிதறிப் போங்கள்!

1941 ஜூன் 22-ல் ஹிட்லரின் படை சோவியத் எல்லையைத் தாண்டிய அன்றிரவே, கம்யூனிசத்தின் பரம வைரியான சர்ச்சில் ரஷ்யாவுக்கு உதவப்போவதாக வானொலியில் அறிவித்தார். அக்டோபரில் கையெழுத்தான மாஸ்கோ ஒப்பந்தப்படி, பிரிட்டனும் அமெரிக்காவும் மாதந்தோறும் 400 விமானங்கள், 500 டாங்குகள் தர வேண்டும். அவற்றைக் கொண்டுசேர்க்க மிகக் குறுகிய வழி, ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நார்வேயின் வாசல் வழியே போனது.

அந்த வழியில்தான் ‘பி.க்யூ. 17’ அணியின் 35 சரக்குக் கப்பல்கள் ஜூன் 27-ல் ஐஸ்லாந்திலிருந்து கிளம்பின. சரக்கில் 297 விமானங்கள், 594 டாங்குகள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். இரண்டு கப்பல்கள் பாதியில் திரும்பின. மூன்று தாக்குதலுக்குப் பலியாயின. மிச்சம் 30.

கட்டளையின் பின்னால் இருந்தது ஒரே ஒரு கப்பல்மீதான அச்சம். 15 அங்குல பீரங்கிகள் எட்டு கொண்ட ஜெர்மன் போர்க்கப்பல் ‘டிர்பிட்ஸ்’ நார்வேயின் டிரான்ட்ஹைமை விட்டுக் கிளம்பியிருந்தது. அது ஆல்டா ஃபியோர்டைத் தாண்டவில்லை என்று பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவின் நார்மன் டெனிங் கணித்தார். ஆனால் உறுதியான ஆதாரம் கையில் இல்லை. கடற்படைத் தளபதி டட்லி பவுண்ட் காத்திருக்கத் துணியவில்லை.

‘டிர்பிட்ஸ்’ எந்த நொடியும் கண்ணில் படும் என்று நம்பிய காவல் தலைவர் ஜாக் புரூம், சண்டைக்குத் தயாராகத் தன் டெஸ்ட்ராயர்களைக் குரூசர்களுடன் சேர்த்துக்கொண்டு விலகினார். சரக்குக் கப்பல்கள் ஆளுக்கொரு திசையில் சிதறின.

அந்தக் குழப்பத்தில் ‘எயர்ஷயர்’ என்ற ஆயுதம் பூட்டிய மீன்பிடி டிராலர், மூன்று சரக்குக் கப்பல்களைத் திரட்டிக்கொண்டு வடக்கே பனிப்பாறைகளை நோக்கித் திரும்பியது. அதன் கேப்டன் லியோ கிராட்வெல், சமாதானக் காலத்தில் வக்கீல். மேலே ஜெர்மன் விமானங்கள், கீழே நீர்மூழ்கிகள். பனிக்குள் புகுந்ததும், சரக்குக் கப்பல் தளத்தில் கட்டிவைத்திருந்த டாங்குகளைப் பார்த்தார்.

ஸ்டாலினுக்கு அனுப்பிய டாங்குகள். அவற்றுக்கு நடுக்கடலில் அவர் கொடுத்த வேலை என்ன? ‘டிர்பிட்ஸ்’ அப்போது எங்கே இருந்தது? இரண்டுக்கும் விடை அடுத்த வாரம்.

(தொடரும்)