வினாத்தாளான வெளிக்களம்

உயர்தர விஞ்ஞானப் பிரிவில் பயின்ற எமது மாணவியருள் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தை அறியாதார் இலர். ஆனால் 1990களின் பிற்பகுதியில் படித்த எங்களுக்கு அது ஒரு வினாத்தாளின் பெயர் மட்டுமே. "வெளிக்களச் சோதனையில் எத்தனை புள்ளி?" என்றே ஒருவரையொருவர் கேட்போம்.

அதன் தொடக்க நோக்கம் பெயரிலேயே இருக்கிறது. மாணவரை இயற்கையிடம் அழைத்துச் செல்லவென பிரித்தானியாவில் 1943இல் ஓர் அமைப்பு உருவானது. இங்கும் அதே எண்ணம் கொண்ட ஆசிரியர்களுக்குத் தொண்டைமானாறு வாய்த்தது. கடல்நீரேரி கடலைச் சேரும் இடம் அது. கண்டல் மரங்களின் சுவாச வேர்கள் சேற்றுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். கயிறு கட்டி, சதுரச் சட்டம் வைத்து, உள்ளே உள்ள உயிர்களை எண்ணிக் குறிக்கப் பழகுவதற்கு ஏற்ற கரை.

போர் அந்தக் கரையை எட்டாத் தூரமாக்கியது. 1995 இடப்பெயர்வின் பின் திரும்பிவந்த நாங்கள் சுவாச வேரைப் படமாகக் கீறினோம், தொட்டதில்லை. இடர்களிடையேயும் பரீட்சை தொடர்ந்தது. அதற்கு நாம் கடமைப்பட்டவர்கள். களம்தான் கைவிட்டுப் போயிற்று.

எமது விலங்கியல் ஆசிரியை கல்லூரிக் கிணற்றடியையே களமாக்கினார். "முதலில் வடிவாகப் பாருங்கோ பிள்ளையள், பெயரைப் பிறகு சொல்லலாம்" என்பார். நோயாளியின் கட்டிலருகே இன்றும் நான் செய்வது அதுவே.

இப்போது பாதை திறந்திருக்கிறது. நூற்றாண்டு நினைவாக, ஆண்டுக்கொரு நாளாவது எமது பிள்ளைகளைத் தொண்டைமானாற்றுக்கு அழைத்துச் செல்ல சங்கம் ஒரு பஸ் ஒழுங்குசெய்யுமா?