இணையவழிப் பழைய பொருள் வணிகமும் மோசடிகளும்

ஒருவர் பயன்படுத்திய பொருளை இன்னொருவர் இணையத்தின் வழியாக வாங்கும் வழக்கம் 1990களின் நடுவில் பரவத் தொடங்கியது. முப்பது ஆண்டுகளே ஆன இந்த வணிகத்தின் வரலாறு, அதனுடன் சேர்ந்து வளர்ந்த மோசடிகளின் வரலாறாகவும் இருக்கிறது. கருவிகள் மாற மாற ஏமாற்றும் வழிகளும் மாறின. ஆனால் பெரும்பாலான மோசடிகள் ஒரே இடத்தில்தான் நுழைகின்றன. பொருள் கைமாறும் நேரத்துக்கும் பணம் கைமாறும் நேரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியே அந்த இடம்.

நேரில் நடந்த வணிகம்

பழைய பொருள்களுக்கான சந்தை புதிதன்று. சென்னையில் 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், 1985ஆம் ஆண்டு தீயில் அழியும்வரை பழைய நூல்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. அத்தகைய சந்தையில் வாங்குபவர் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பார், பேரம் பேசுவார், ஒரு கையால் பணம் கொடுத்து மறு கையால் நூலைப் பெறுவார். நேர்ச் சந்தையிலும் ஏமாற்று இல்லாமல் இல்லை. பொருளின் குறை மறைக்கப்படலாம். பொருளே திருடியதாக இருக்கலாம். எனினும் இல்லாத பொருளை விற்பது அங்கே எளிதன்று.

சட்டமும் இதே சூழலில் உருவானதுதான். 1930ஆம் ஆண்டின் இந்தியப் பொருள் விற்பனைச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, பொருளின் தரத்தைப் பார்த்து வாங்கும் பொறுப்பை வாங்குபவரிடமே விடுகிறது. விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்குப் பொதுவாக வந்து சேராது என்றும் அச்சட்டம் கூறுகிறது. அதாவது, திருட்டுப் பொருளை விலை கொடுத்து வாங்கியவர் அதன் உரிமையாளர் ஆகிவிட முடியாது.

1970ஆம் ஆண்டு அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப், பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல பொருளுக்கும் நல்ல விலை கிடைக்காமல் சந்தையே சீர்கெடும் என்று அவர் விளக்கினார். இத்துறை ஆய்வுகளுக்காக 2001ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

ஏலத் தளங்களின் காலம்

1995ஆம் ஆண்டு செப்டம்பரில் பியர் ஒமிடியார் அமெரிக்காவில் ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது இதுவே. இதில் முதலில் விற்ற பொருள், பழுதான ஒரு லேசர் சுட்டுக்கருவி, விலை 14.83 டாலர். பழுதானது என்று தெரிந்தேதான் வாங்கினார்.

முகம் தெரியாதவரை எப்படி நம்புவது? 1996ஆம் ஆண்டு ஈபே இதற்கு ஒரு வழி கண்டது. வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதலாம். அது எல்லோருக்கும் தெரியும். நேர்மையான வணிகருக்கு இது பெரும் துணையாயிற்று. மோசடிக்காரர்களோ சிறு பொருள்களை ஒழுங்காக விற்று நற்பெயர் சேர்த்துக்கொண்டு, பின் விலையுயர்ந்த பொருளுக்குப் பணம் பெற்று மறைந்தனர். இணைய மோசடிப் புகார்களைப் பெற அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஒரு மையம் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க ஆண்டு அறிக்கைகளில் ஏல மோசடியே முதலிடம் பெற்றது.

அடுத்து விற்பவர்களும் ஏமாந்தனர். ‘வாங்குபவர்’ விலையைவிடக் கூடுதலான தொகைக்கு வங்கிக் காசோலை அனுப்பி, மிகுதியைத் திருப்பி அனுப்பச் சொல்வார். வங்கி முதலில் தொகையை வரவு வைக்கும். காசோலை போலி என்பது சில நாள்களுக்கோ வாரங்களுக்கோ பின்னரே தெரியும். அதற்குள் பொருளும் போயிருக்கும், அனுப்பிய பணமும் போயிருக்கும்.

இந்தியாவில்

இந்தியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய பாஜி என்ற ஏலத் தளத்தை 2004ஆம் ஆண்டு ஈபே வாங்கியது. ஓஎல்எக்ஸ் 2006ஆம் ஆண்டிலும், குவிக்கர் 2008ஆம் ஆண்டிலும் தோன்றின. இவை அடிப்படையில் வரி விளம்பரத் தளங்கள். ஏலத் தளத்தைப் போல விற்பனை முழுவதையும் நடத்தாமல், இருவரை அறிமுகப்படுத்துவதோடு நின்றன. பேரமும் பணமும் அவர்கள் பாடு. ஒரே ஊரில் நேரில் சந்திப்போருக்கு இது போதுமானதாக இருந்தது.

2016ஆம் ஆண்டு யூபிஐ பணப் பரிமாற்றம் அறிமுகமானது. வீட்டிலிருந்தபடியே நொடியில் பணம் அனுப்ப முடிந்ததால், பொருளைப் பார்க்காமலே முன்பணம் கொடுக்கும் பழக்கமும் பரவியது. யூபிஐயில் பணம் அனுப்பும் வசதியுடன் பணம் கேட்கும் வசதியும் இருந்தது. இதையே மோசடிக்காரர்கள் பிடித்துக்கொண்டனர்.

பழைய கட்டிலை விற்க விளம்பரம் கொடுத்தவருக்கு ஓர் அழைப்பு வரும். பேசுபவர் தம்மை இராணுவ வீரர் என்பார். அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவார். பேரமே பேசாமல் கேட்ட விலைக்கு ஒப்புக்கொள்வார். நம்பிக்கை வர முதலில் ஒரு ரூபாயோ பத்து ரூபாயோ அனுப்புவார். பிறகு ஒரு கோரிக்கையையோ கியூஆர் குறியீட்டையோ அனுப்பி, “பின் எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்” என்பார். எண்ணைப் போட்டதும் விற்பவர் கணக்கிலிருந்தே பணம் போய்விடும். “தவறு நடந்துவிட்டது, மறுபடி போடுங்கள், இரண்டும் சேர்ந்து வரும்” என்று சொல்லி மீண்டும் எடுப்பதும் உண்டு. பின் எண் பணம் கொடுப்பதற்கு மட்டுமே உரியது, பெறுவதற்குத் தேவையில்லை. இதை அறியாததே இழப்புக்குக் காரணமாயிற்று.

தனிநபர்கள் இவ்வாறு பணம் கேட்கும் வசதி 2025ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் யூபிஐயில் நிறுத்தப்பட்டது. ஆனால் கியூஆர் குறியீடு, பணம் அனுப்பியதாகக் காட்டும் போலித் திரைப்படம், கைபேசித் திரையைப் பிறர் பார்க்கச் செய்யும் செயலிகள் ஆகிய வழிகள் அடைபடவில்லை.

இந்த வரலாறு காட்டும் பாதுகாப்பு

பழைய சந்தையின் ஒழுங்கை இயன்றவரை மீட்பதே முதல் பாதுகாப்பு. பகலில், மக்கள் நடமாடும் இடத்தில், துணையுடன் சந்திக்க வேண்டும். பொருளை இயக்கிப் பார்த்து, அதே இடத்தில் பணம் கொடுக்க வேண்டும். விற்பவர், எதிரில் இருப்பவர் காட்டும் திரையை நம்பாமல், தம் வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்ததைப் பார்த்த பின்னரே பொருளைக் கொடுக்க வேண்டும்.

கைபேசி வாங்குவோர் அதில் *#06# என அழுத்தினால் ஐஎம்இஐ எண் தெரியும். அந்த எண் தடை செய்யப்பட்டதா என்பதை நடுவண் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். வண்டி விற்போர் படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பமிடுவதோடு நின்றுவிடாமல், பதிவுச் சான்றிதழில் பெயர் மாறியதை உறுதிசெய்ய வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், இழப்பீட்டுப் பொறுப்பு பழைய உரிமையாளர் மீது விழக்கூடும். உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு ஒரு வழக்கில் அவ்வாறே தீர்ப்பளித்தது.

ஏமாந்த பின்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி அல்லது தொடர்புக் கருவி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு மூன்றாண்டுகள் வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பணம் இழந்தவர் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்திலும் புகார் பதியலாம். ஏமாற்றிய பணம் விரைவாகக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றப்படும் என்பதால், எவ்வளவு சீக்கிரம் புகார் செல்கிறதோ அவ்வளவுக்கு அதை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

தொகை சிறியது என்றோ வெளியில் சொல்ல வெட்கப்பட்டோ பலர் புகார் செய்வதில்லை. அந்த மௌனத்தால் மோசடிக்காரரின் தொலைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் தடையின்றி இயங்குகின்றன. சில நூறு ரூபாய் இழந்தவர் தரும் புகாரும், அதே எண்ணிலிருந்து அடுத்த அழைப்பு இன்னொரு வீட்டுக்குப் போகாமல் தடுக்க உதவும்.