பழைய டாஸ் கம்ப்யூட்டரில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்: ஓட வைப்பது எப்படி?

கடைக் கணக்கு, ரசீது, கடிதம் என எல்லாவற்றையும் பழைய டாஸ் கம்ப்யூட்டரிலேயே வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை உண்டு. அந்த ஹார்டு டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் காலை வாரலாம். அதற்குள் பேப்பரில் எடுக்க, அதே காலத்து பிரிண்டர் கைகொடுக்கும். ஆனா, கேபிளை மாட்டினா மட்டும் போதாது.

எந்த போர்ட்டில் மாட்டணும்?

1970-ல் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த பேரலல் முறைதான் இதற்கு அடிப்படை. ஒரு எழுத்துக்கான 8 பிட்களும் 8 கம்பிகளில் ஒரே நேரத்தில் போகும். பிரிண்டர் பக்கம் 36 முனை. 1981-ல் வந்த ஐபிஎம் பிசி பக்கம் 25 முனை.

பிசியின் பின்னால் 25 துளைகள் இருந்தால் அது பிரிண்டர் போர்ட். 25 ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது சீரியல் போர்ட். பழைய மேகின்டோஷிலும் 25 துளை போர்ட் உண்டு; ஆனா அது ஸ்கஸி. அதில் பிரிண்டரை மாட்டினால் கருவி கெட்டுப்போகலாம். எதை மாட்டினாலும் இரண்டு கருவிகளையும் ஆஃப் செய்த பிறகே மாட்டுங்க.

பிரிண்டர் நல்லா இருக்கா?

முதலில் கேபிள் இல்லாமலே சோதிக்கலாம். பல எப்சன் மாடல்களில் லைன் ஃபீட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால், பிரிண்டர் தானாகவே எழுத்துகளை அடித்துக் காட்டும். மங்கலாக வந்தால் ரிப்பன் காய்ந்துவிட்டது. எழுத்துகளுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடினால் ஹெட்டில் ஒரு ஊசி அடிக்கவில்லை.

கம்ப்யூட்டரில் என்ன செய்யணும்?

டாஸ் திரையில் 'டிஐஆர் > எல்பிடி1' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் கொடுங்க. ஃபைல் பட்டியல் பேப்பரில் வந்தால் இணைப்பு சரி. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களை 'காப்பி' கட்டளையில் எல்பிடி1-க்கு அனுப்பலாம். கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டாவை அப்படி அனுப்பினால் குப்பையாகத்தான் வரும். அதை அந்த சாஃப்ட்வேருக்குள் போய்தான் பிரிண்ட் எடுக்கணும்.

தப்பா வந்தா?

வரிகளுக்கு நடுவே ஒரு வரி காலியாக விழுந்தால், பிரிண்டரின் ஆட்டோ லைன் ஃபீட் வசதியை அணைக்கணும். எல்லா வரியும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால், அதையே ஆன் செய்யணும். கட்டக் கோடுகளுக்குப் பதில் சாய்ந்த எழுத்து வந்தால், எழுத்து அட்டவணையை 'இட்டாலிக்'கில் இருந்து 'கிராஃபிக்ஸ்'க்கு மாற்றணும். பழைய மாடல்களில் இவை பெரும்பாலும் டிப் ஸ்விட்ச் எனும் குட்டி ஸ்விட்சுகளில் இருக்கும்.

யுஎஸ்பி கேபிள் உதவுமா?

கடையில் கிடைக்கும் யுஎஸ்பி-பேரலல் கேபிள், புதிய கம்ப்யூட்டரில் பழைய பிரிண்டரை மாட்டத்தான். பழைய கம்ப்யூட்டரில் புதிய யுஎஸ்பி பிரிண்டரை மாட்ட அது உதவாது.

முதல் பக்கம் சரியாக வந்துட்டா தள்ளிப் போடாதீங்க. இழந்தா திரும்பக் கிடைக்காத ஃபைல்களை முதலில் அச்சிட்டுடுங்க.