நூல் செய்வோனும் அவையும்: பாயிரமரபின் வரலாறு பற்றிய சில குறிப்புக்கள்

நூலொன்றை இயற்றப் புகும் இளைஞனுக்கு அறிவுரை கூறும் வழக்கம் மேனாட்டாரிடமிருந்து நாம் பெற்றுக்கொண்ட புதுவழக்கமெனப் பலர் கருதுவர். தமிழில் அஃது இலக்கண நூல்களோடு உடன் வளர்ந்ததாகும். தொல்காப்பிய மரபியல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் முப்பத்திரண்டு உத்திகளையும் கூறுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்னரே 55 சூத்திரங்களைப் பாயிரத்துக்கென ஒதுக்கினார். நூலாவது யாது, அதனைக் கற்பிப்போன் எத்தகையன், கேட்போன் எத்தகையன் என்பனவெல்லாம் ஆண்டு விரித்துரைக்கப்படுகின்றன.

பாயிரத்திற் காணப்படும் இருவேறு உவமைகள் ஊன்றி நோக்கற்பாலன. ஒன்று நூற்கும் பெண்ணைப் பற்றியது. சொல் பஞ்சாகவும், புலவன் நூற்பவளாகவும், அறிவு கதிராகவும் அங்கே உருவகிக்கப்படுகின்றன. மற்றையது தச்சன் மரத்தின் கோணலைத் தீர்த்தற்கு இடும் நூலைப் பற்றியது. புலவனை வானத்திலிருந்து அருள் இறங்கப்பெற்ற ஒருவனாக அன்றி, நாள்தோறும் அமர்ந்து கைவேலை செய்பவனாகவே பவணந்தியார் கண்டார் என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகும். தொழிலாயின் பழகலாம், பிழைத்தவழித் திருத்தலாம்.

அவர் விலக்கிய குற்றங்கள் பத்தும் ஒரே தன்மையன அல்ல. குன்றக்கூறலும் மிகைபடக்கூறலும் அளவு பற்றியன. மாறுகொளக்கூறல் சிந்தனையின் வழு. சென்று தேய்ந்திறுதல் என்னும் குற்றமோ எழுதுவோனின் மூச்சுப் பற்றியது. முதல் அதிகாரத்திற் பெருகிய ஊக்கம் நடுவிலே மெலிந்து, முடிவில் எப்படியாவது முடிந்தாற் போதுமென்ற நிலைக்கு இறங்குவதே அது. பட்ட ஆய்வுக்கட்டுரைகளைப் படித்துப் புள்ளியிடும் விரிவுரையாளர்க்கு இக்குற்றத்தை எடுத்துக்காட்டுடன் விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று விரித்தலும் அவ்வாறே; எடுத்துக்கொண்ட பொருளை விட்டுத் தனக்கு நன்கு தெரிந்த வேறொன்றை நீளப் பேசும் ஆசை கற்றோரையே பெரிதும் பற்றுவதாகும்.

எனினும் பாயிரமரபின் உயிர்நிலை இப்பட்டியல்களில் இல்லை. நூல் வெளிவருமுன் பிறரால் ஆராயப்படல் வேண்டும் என்ற கொள்கையிலேயே அது தங்கியுள்ளது. தன்னைத் தானே புகழ்தல் நூலாசிரியனுக்குத் தகாது. அரசவைக்கு ஓலை விடுத்தல், தன் ஆற்றலை உணராதார் முன் நிற்றல், அவையில் வாதிடல், மாற்றான் தன்னைப் பழித்தல் ஆகிய நான்கிடத்து மட்டுமே விலக்கு உண்டு. சிறப்புப்பாயிரம் செய்யும் உரிமை ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என்போர்க்கே அளிக்கப்பட்டது. நால்வரும் நூலின் உள்ளே புகுந்து பார்த்தவர்கள். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு முன் அரங்கேறியதென்று அதன் சிறப்புப்பாயிரம் சொல்லும்.

இவ்வாராய்ச்சியின் கடுமைக்குக் கந்தபுராண அரங்கேற்றம் பற்றிய கர்ணபரம்பரைக் கதையே போதும். முதலடியை முருகப்பெருமானே கச்சியப்பருக்கு எடுத்துக்கொடுத்தார் என்பர். காஞ்சிக் குமரகோட்டத்திற் கூடிய அவை அந்த முதலடியின் முதற்சொல்லிலேயே தடை எழுப்பியது. ழகரமெய்யும் தகரமும் அவ்வாறு புணர்தற்குத் தொல்காப்பியத்தில் விதியில்லை என்பது தடை. அரங்கேற்றம் மறுநாளுக்குத் தள்ளப்பட்டது. சோழநாட்டிலிருந்து வந்த புலவரொருவர் வீரசோழியத்தில் விதி காட்டிய பின்னரே அவை அமைதியுற்றது. கதை நிகழ்ந்ததோ இல்லையோ, கடவுள் தந்த அடியாயினும் விதி காட்டப்படல் வேண்டுமென எதிர்பார்த்த சமூகமொன்று இருந்தது என்பது உண்மை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது நிலைமை மாறிற்று. பணமும் யந்திரமும் உடையார் எவரும் அவையின் இசைவின்றி நூல் வெளியிடலாயிற்று. இதனால் விளைந்த நன்மை பெரிது, தீமையும் சிறிதன்று. சிறப்புப்பாயிரத்தின் இடத்தைச் சாற்றுகவிகள் கவர்ந்துகொண்டன. நூலைப் படியாமலே பாடப்பட்ட புகழ்ச்சிகள் அவற்றுட் பல என்பதை அவையே காட்டிவிடும்.

அச்சுக்கும் அவையின் கண்டிப்பு உண்டெனச் செய்கையாற் காட்டியவர் ஆறுமுக நாவலர். 1849ஆம் ஆண்டு சென்னையிலிருந்து அச்சுயந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய அவர், பிழையற்ற பதிப்புக்குத் தம் பெயரையே அளவுகோலாக்கினார். நன்னூல் விருத்தியுரையை அச்சேற்றியவரும் அவரே. பாயிரத்தைப் பாடஞ்சொன்னவர் அதனை ஒப்புநோக்கும் மேசையிலும் கைக்கொண்டார்.

அவர்வழி வந்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளைக்கு வேறு வகையான துணிவு தேவைப்பட்டது. கச்சியப்பர் கதையில் வரும் அந்த வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் அவர் வெளியிட்டார். தொட்டால் ஒடியும் ஏடுகள். ஒப்புநோக்கக் கிடைத்த பிரதிகளோ சில. குற்றமற்ற பதிப்புக்காகக் காத்திருந்தால் காப்பதற்கு ஏடே எஞ்சாது. விரைந்தால் வழு நேரும், பழியும் வரும். அவர் பழியைத் தேர்ந்தார். அவர் பாடங்களுட் சில பின்னர் திருத்தப்பட்டன. திருத்தியவர்களுக்கு முன் திருத்துவதற்கு ஓர் அச்சுநூல் இருந்தது என்பதைக் கண்டனகாரர் மறத்தலாகாது. பத்துக் குற்றங்களுள் எழுதாதிருத்தலை முன்னோர் சேர்க்காமல் விட்டது ஒரு குறையோ என எண்ணத் தோன்றும்.

இருபதாம் நூற்றாண்டில் அவை வேறோர் உருவிலே திரும்பிற்று. 1943இல் யாழ்ப்பாணத்து இளைஞர் சிலர் மறுமலர்ச்சிச் சங்கத்தை அமைத்தனர். மன்னனோ மடமோ அவர்களுக்குப் புரவலராக இருக்கவில்லை. ஒத்த வயதினர் ஒருவர்க்கொருவர் வாசகராகவும் ஊக்குவோராகவும் அமைந்தனர். பாயிரம் உடன்கற்றோனுக்குத் தந்த இடம் இதுவே. அவர்களது ‘மறுமலர்ச்சி’ முதலிற் கையெழுத்துச் சஞ்சிகையாகக் கைமாறி உலாவியது. 1946இலேயே அது அச்சுக்குச் சென்றது.